வயதான பூனைக்குச் சர்க்கரை நோய்: முதல் சில மாதங்களுக்கு ஒரு வழிகாட்டி

சர்க்கரை நோய் என்று உறுதியான அன்றே இன்சுலின், சிரிஞ்ச், உணவு மாற்றம், மறுபரிசோதனை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு வந்து குப்பியைக் கையில் எடுக்கும்போதுதான் கேள்விகள் முளைக்கும். எங்கள் பூனைக்கு அப்போது 13 வயது. அங்கே இங்கே கேட்டு, தடுமாறி, கொஞ்சம் கொஞ்சமாக ஒழுங்குக்குக் கொண்டுவந்தோம். அதே அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டியவர் கால்நடை மருத்துவர்தான். அவர் சொன்னதை வீட்டில் பிசகாமல் செய்வதற்கு இது உதவும்.

1. அறிகுறிகளை எண்ணாகக் கொண்டுபோங்கள்

தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகும். லிட்டர் பெட்டியில் (பூனை சிறுநீர் கழிக்கும் மணல் பெட்டி) சிறுநீர்க் கட்டிகள் பெரிதாகிக்கொண்டே போகும். பசி கூடியிருக்கும், ஆனால் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு உடம்பு இளைத்திருக்கும். சில பூனைகள் பின்னங்காலின் குதிகால் தரையில் படும்படி தட்டையாக நடக்கும். அது நரம்பு பாதிப்பு. சர்க்கரை கட்டுக்குள் வந்தால் பெரும்பாலும் மெல்லத் தேறும்.

மருத்துவரிடம் "நிறையத் தண்ணீர் குடிக்கிறது" என்று சொல்வதைவிட அளந்து சொல்லுங்கள். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளந்தால் போதும். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளில் 100 மில்லியைத் தாண்டினால் அது நிச்சயம் அதிகம். ஈர உணவு சாப்பிடும் பூனை அதில் பாதி குடித்தாலே கவனிக்க வேண்டும். சிறுநீர் அதிகம் போகிறதே என்று தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதீர்கள். உடம்பு வற்றிப்போகும்.

வயதான பூனைகளுக்குச் சிறுநீரக நோயும் தைராய்டு மிகைச் சுரப்பும் ஏறக்குறைய இதே முகத்தோடுதான் வரும். சில சமயம் இரண்டு நோய்கள் சேர்ந்தே இருக்கும். அதனால் அறிகுறியை மட்டும் வைத்து வீட்டிலேயே முடிவுக்கு வரக்கூடாது.

2. ஒரே ஒரு ரத்த எண்ணை நம்பி ஊசியைத் தொடங்காதீர்கள்

பயந்த பூனைக்குச் சர்க்கரை ஏறும். கூடையில் அடைத்து, வண்டியில் ஏற்றி, மேசையில் நிறுத்தினாலே, நோயே இல்லாத பூனைக்குக்கூட ஒரு டெசிலிட்டருக்கு 300 மில்லிகிராமைத் தாண்டலாம். அதனால் ஃப்ரக்டோசமின் பரிசோதனையையும் கேளுங்கள். அது கடந்த ஒன்றிரண்டு வாரங்களின் சராசரியைக் காட்டும். சிறுநீரில் சர்க்கரை வருகிறதா என்பதும் முக்கியம். ரத்தத்தில் ஏறத்தாழ 250 முதல் 300-ஐத் தாண்டினால்தான் பூனையின் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். வீட்டில், உறிஞ்சாத மணிகள் போட்ட பெட்டியிலிருந்து பிடித்துக் கொண்டுபோன சிறுநீரில் சர்க்கரை இருந்தால், பயத்தால் ஏறியது என்று அதைத் தள்ளிவிட முடியாது.

அதே ரத்தத்தில் சிறுநீரகம், பொட்டாசியம், தைராய்டு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகம் சுரக்கும் பூனைக்கு ஃப்ரக்டோசமின் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்பதால், இந்த இரண்டையும் தனித்தனியாகப் படிக்க முடியாது. சிறுநீரில் கிருமி வளர்ப்புச் சோதனை, கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பு கொழுப்பை எரிப்பதால் சேரும் அமிலப் பொருள்) சோதனை, வாயில் பல் பரிசோதனை ஆகியவையும் வேண்டும். சொத்தைப் பல்லோ சிறுநீர்த் தொற்றோ உள்ளே இருந்தால் இன்சுலின் சரியாகப் பிடிக்காது.

மருத்துவரே கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டியது ஒன்று: சமீபத்தில் அரிப்புக்கோ இளைப்புக்கோ வாய்ப்புண்ணுக்கோ ஸ்டீராய்டு கொடுத்தார்களா? நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி வாரக்கணக்கில் சர்க்கரையை ஏற்றி வைத்திருக்கும். மாத்திரையாகக் கொடுத்துக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

3. முதல் நாளே ஒரு கோப்பு போடுங்கள்

இரவு நேரத்தில் வேறொரு மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தால் உங்களுக்காகப் பேசப்போவது இந்தக் கோப்புதான். எல்லாப் பரிசோதனை முடிவுகளின் நகல், மருந்துச் சீட்டு, இன்சுலினின் முழுப்பெயரும் அடர்த்தியும், சிரிஞ்சின் வகை, பூனையின் எடை, மற்ற நோய்கள், அவசர எண்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். கைபேசியில் படமாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே மருத்துவரிடம் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பூனை பாதி மட்டும் சாப்பிட்டால் எவ்வளவு போடுவது? சாப்பிடவே இல்லை என்றால்? ஊசிக்கு முன் எந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் போடக்கூடாது? ஒரு வேளை தவறினால் எத்தனை மணி நேரம் வரை தாமதமாகப் போடலாம்? வாய்மொழியாகக் கேட்ட பதில் பதற்றத்தில் மறந்துபோகும். வீட்டில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள்.

அப்புறம் தினசரிக் குறிப்பு. தேதி, நேரம், சாப்பிட்ட அளவு, போட்ட யூனிட், யார் போட்டது, அளந்திருந்தால் சர்க்கரை. "யார் போட்டது" என்ற கட்டத்தைத் தவிர்க்காதீர்கள். ஒருவர் போட்டது தெரியாமல் இன்னொருவர் மறுபடி போடுவது வீடுகளில் நடக்கிற விபத்து. ஊசி போட்டவுடன் குறித்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவது என்று எல்லாரும் பழகிக்கொள்ள வேண்டும்.

4. செலவு எங்கே கூடும், எங்கே குறையும்

முதல் மூன்று மாதம்தான் கனமாக இருக்கும். பரிசோதனைகள், மருத்துவரைப் பார்க்கும் கட்டணம், குளுக்கோமீட்டர் எல்லாம் அந்தக் காலத்தில் குவிந்துவிடும். பிறகு மாதச் செலவு பெரும்பாலும் சிரிஞ்ச், அளவிடும் பட்டைகள், உணவு என்று சமநிலைக்கு வரும்.

இன்சுலின் வாங்கும்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். யூ-100 வகையில் (ஒரு மில்லியில் 100 யூனிட்) 10 மில்லிக் குப்பி என்றால் 1000 யூனிட். உங்கள் பூனைக்கு நாளுக்கு 2 யூனிட் என்றால் அது 500 நாளுக்கு வரும், ஆனால் மருந்து அதற்கு வெகு முன்பே கெட்டுவிடும். அதே மருந்து 3 மில்லிச் சிறு குழல்களாகக் கிடைக்கிறதா, தனியாக ஒன்று வாங்க முடியுமா என்று கேளுங்கள். ஒரு குழலில் 300 யூனிட். வீணாவது வெகுவாகக் குறையும்.

மிச்சம் பிடிக்கக்கூடாத இடங்களும் இருக்கின்றன. சிரிஞ்சை மறுபடி பயன்படுத்தாதீர்கள். ஊசி முனை மழுங்கிப் பூனைக்கு வலிக்கும், குப்பிக்குள் அழுக்கும் போகும். அவசரத்துக்கென்று ஒரு இரவு மருத்துவமனையில் தங்க வைக்கும் அளவுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கி வையுங்கள். செல்லப்பிராணிக் காப்பீடு ஏற்கனவே இருந்தால், நோய் உறுதியான தேதியும் ரசீதுகளும் உடனே தேவைப்படும். நோய் வந்த பிறகு எடுக்கும் காப்பீடு, முன்பே இருந்த நோய் என்று சொல்லிப் பெரும்பாலும் இதை ஒதுக்கிவிடும்.

5. ஊசியா, வாய்வழி மருந்தா?

பெரும்பாலான பூனைகளுக்கு இன்சுலின்தான். கிளார்ஜின், பூனைகளுக்கென்றே வரும் புரோட்டமைன் ஜிங்க் வகை (ப்ரோசிங்க்), கேனின்சுலின் ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன. வழக்கமாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. சராசரி எடையுள்ள பூனைக்கு வேளைக்கு 1 யூனிட் அளவில் தொடங்குவார்கள். இது எவ்வளவு சிறிய அளவு என்பதை அடுத்த பகுதியைப் படிக்கும்போது நினைவில் வையுங்கள்.

சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் வாய்வழி மருந்துகளும் வந்துவிட்டன. அமெரிக்காவில் பூனைகளுக்கென்று பெக்ஸாகிளிஃப்ளோசின் 2022-லும் வெலாகிளிஃப்ளோசின் 2023-லும் அனுமதி பெற்றன. நாளுக்கு ஒருமுறை, ஊசி இல்லை என்பதால் ஆசை வரும். ஆனால் நன்றாகச் சாப்பிடும், கீட்டோன் இல்லாத, மற்றபடி தெம்பாக இருக்கும் பூனைக்குத்தான் இவை பொருந்தும். ஏற்கனவே இன்சுலினில் இருக்கும் பூனையை இதற்கு மாற்றுவது ஆபத்து. இந்த மருந்தில் ரத்தச் சர்க்கரை இயல்பாகத் தெரியும்போதே கீட்டோன் ஏறிவிடலாம். எண் நன்றாக இருக்கிறதே என்று நினைத்து, சாப்பிடாமல் படுத்திருக்கும் பூனையை நாளை பார்க்கலாம் என்று விட்டுவிடக்கூடாது.

6. குப்பியும் சிரிஞ்சும் ஒரே ஜோடியாக இருக்கிறதா என்று பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பூனைகளுக்குப் போடும் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு அடர்த்திகளில் கிடைக்கிறது. யூ-40 என்றால் ஒரு மில்லியில் 40 யூனிட். யூ-100 என்றால் ஒரு மில்லியில் 100 யூனிட். ப்ரோசிங்க்கும் கேனின்சுலினும் யூ-40. கிளார்ஜின் வழக்கமாக யூ-100. சிரிஞ்சிலும் அதே இரண்டு வகை. சிரிஞ்சில் இருக்கும் கோடுகள் அந்தந்த அடர்த்திக்காக மட்டுமே போடப்பட்டவை.

யூ-100 மருந்தை யூ-40 சிரிஞ்சில் 1 என்ற கோடு வரை எடுத்தால் பூனைக்குள் போவது 2.5 யூனிட். இரண்டரை மடங்கு! யூ-40 மருந்தை யூ-100 சிரிஞ்சில் 1 கோடு எடுத்தால் 0.4 யூனிட்தான் போகும். அப்போது மருந்து வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவோம். பிறகு யாராவது சரியான சிரிஞ்சை வாங்கி வந்த நாளில் பூனை மயங்கி விழும். மனிதர்களுக்கான மருந்துக்கடைகளில் பெரும்பாலும் ஒரு வகைச் சிரிஞ்ச்தான் இருக்கும். எங்களுக்கும் முதலில் கவுண்டரில் பொருந்தாததைத்தான் எடுத்து வைத்தார்கள், கேட்டபோது "எல்லாம் ஒன்றுதான்" என்றார்கள். ஒன்று இல்லை. மூடியின் நிறத்தை நம்பாமல் சிரிஞ்சின் உடம்பில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஒவ்வொரு புதுப் பெட்டியையும் திறக்கும்போது இதைச் செய்யுங்கள்.

யூ-100 என்றால் அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லிச் சிரிஞ்சைக் கேட்டு வாங்குங்கள். அளவை அரை யூனிட் கூட்டவோ குறைக்கவோ சொல்லும்போது அது இல்லாமல் முடியாது. மருத்துவரிடமும் கடையிலும் எப்போதும் யூனிட்டிலேயே பேசுங்கள், மில்லியில் பேசாதீர்கள்.

மருந்தை 2 முதல் 8 டிகிரி வரை குளிரில் வைக்க வேண்டும். உறைந்துவிட்டால் பயன்படாது. திறந்த தேதியைக் குப்பியில் எழுதுங்கள். கிளார்ஜினுக்கு உறையில் போட்டிருப்பது 28 நாள். குளிரிலேயே வைத்திருந்தால் இன்னும் நீட்டிக்கலாமா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிளார்ஜின் தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கினால் எறிந்துவிடுங்கள். கலங்கலாகவே வரும் வகைகளில் சிலவற்றை உள்ளங்கையில் உருட்ட வேண்டும், சிலவற்றைக் குலுக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருப்பதைத்தான் பின்பற்ற வேண்டும்.

7. ஊசி போடுவது

இதற்குத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். முழுப் பராமரிப்பிலும் சீக்கிரம் பழகிவிடுவதும் இதுதான். முதல் தடவை மருத்துவர் முன்னாலேயே, அவர் கொடுக்கும் உப்பு நீரை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

முதலில் உணவு வையுங்கள். சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு ஊசியை எடுங்கள். விலாப் பக்கத்திலோ தோளுக்குப் பின்னாலோ தோலைக் கூடாரம் போலத் தூக்கி, அதன் அடிவாரத்தில் ஊசியைச் செருகி அழுத்துங்கள். ஒரே இடத்தில் போடாமல் இடம் மாற்றிக்கொண்டே வாருங்கள். எடுத்த பிறகு விரலால் தடவிப் பாருங்கள். முடி ஈரமாக இருந்தால் மருந்து வெளியே போயிருக்கலாம். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாதபோது மறுபடி போடவே கூடாது. அடுத்த வேளைக்குக் காத்திருங்கள். ஒரு வேளை சர்க்கரை ஏறியிருந்தால் சமாளிக்கலாம், இரண்டு மடங்கு இன்சுலின் உயிரைப் பறித்துவிடும்.

காலை, மாலை நேரத்தை உங்கள் வேலை நாளை வைத்துத் தேர்ந்தெடுங்கள். விடுமுறை நாளில் மட்டும் கடைப்பிடிக்க முடிகிற நேரம் நிலைக்காது. அரை மணி, ஒரு மணி நேரம் முன்பின் ஆவதைப் பற்றிக் கவலை வேண்டாம். பயன்படுத்திய ஊசிகளை மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மருத்துவமனையில் கொடுத்துவிடுங்கள்.

8. உணவு: உறையில் எழுதாததைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடியுங்கள்

பூனைக்கு மாவுச்சத்து கிட்டத்தட்டத் தேவையே இல்லை. புரதம் அதிகமாகவும் மாவுச்சத்து குறைவாகவும் இருக்கும் ஈர உணவு, சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதில் பெரிய பங்கு வகிக்கும். உலர் உணவில் பெரும்பாலும் மாவுச்சத்து அதிகம், தானியம் இல்லை என்று எழுதியிருந்தாலும் சரி. மொத்தக் கலோரியில் மாவுச்சத்தின் பங்கு 12 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது.

உறையில் இந்த எண் இருக்காது. புரதம், கொழுப்பு, நார், சாம்பல், ஈரப்பதம் ஐந்தையும் கூட்டி 100-லிருந்து கழித்தால் மாவுச்சத்து கிடைக்கும். உதாரணமாக 11, 6, 1, 2, 78. கூட்டினால் 98, மிச்சம் 2. இனி புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும் கொழுப்பை 8.5-ஆலும் பெருக்குங்கள்: 38.5, 7, 51. மொத்தம் 96.5-ல் 7 என்றால் சுமார் 7 சதவீதம். இந்த உணவைக் கொடுக்கலாம். கெட்டியான குழம்போடு வரும் டின்களில் அந்தக் குழம்பிலேயே மாவு இருக்கும், கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனைக்கு உணவை மாற்றினால் இன்சுலின் தேவை சட்டென்று குறையும். பழைய அளவிலேயே ஊசி போட்டால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். மாற்றப்போகும் தேதியை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி, அந்த வாரம் அடிக்கடி அளந்து, மெல்ல மாற்றுங்கள்.

குண்டான பூனை வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதம் அளவுக்கு இளைத்தால் போதும். பட்டினி போட்டால் ஈரலில் கொழுப்பு படிந்து அதுவே தனி நோயாகும். ஏற்கனவே இளைத்துப்போன பூனைக்கு உணவைக் குறைக்கவே கூடாது. சிறுநீரகமும் கெட்டிருந்தால் புரதம், பாஸ்பரஸ் விஷயத்தில் இரண்டு நோய்களும் எதிரெதிராக இழுக்கும். அந்தச் சமரசத்தை மருத்துவரோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

9. வீட்டிலேயே அளக்கப் பழகுங்கள்

மருத்துவமனையில் பயத்தோடு எடுக்கும் எண்ணைவிட, வழக்கமான இடத்தில் படுத்திருக்கும்போது எடுக்கும் எண் நம்பகமானது. காதை வெதுவெதுப்பான துணியால் சூடாக்கி, ஓரத்தில் ஓடும் ரத்தக் குழாயை ஒட்டிக் குத்துங்கள். முன்னதாக அங்கே வாஸ்லினை லேசாகத் தடவினால் ரத்தம் முடியில் பரவாமல் துளியாக நிற்கும். உடனே பூனைக்குப் பிடித்த இறைச்சித் துண்டு ஒன்று கொடுங்கள். சில நாளில் அதுவே காதைக் காட்டும்.

மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். விலங்குகளுக்கென்று அளவு திருத்திய கருவி கிடைத்தால் அதை வாங்குங்கள். பூனைக்கான குறியீட்டை அதில் அமைக்க மறக்காதீர்கள். எதை வாங்கினாலும் அதே கருவியில் தொடருங்கள், எதில் அளந்தது என்று மருத்துவரிடமும் சொல்லுங்கள். சில கருவிகள் மில்லிமோலில் காட்டும். அதை 18-ஆல் பெருக்கினால் மில்லிகிராம். தோலில் ஒட்டும் தொடர் உணரிகளைப் பூனைகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். அவை 14 நாள் வரை வேலை செய்யும் என்றாலும் பூனை அதற்கு முன்பே கழற்றிப்போடுவது சகஜம்.

மருத்துவர் "வளைவு எடுங்கள்" என்று சொன்னால், ஊசிக்கு முன் தொடங்கி 12 மணி நேரத்துக்கு, 2 மணிக்கு ஒருமுறை அளக்க வேண்டும். நாளின் மிகக் குறைந்த எண் 80 முதல் 150-க்குள் விழுவதுதான் பொதுவான இலக்கு. ஒரே ஒரு உயர்ந்த எண்ணைப் பார்த்து நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். புது அளவு நிலைக்கு வரவே பல நாட்கள் ஆகும்.

10. சர்க்கரை இறங்கினால் செய்ய வேண்டியது

60-க்குக் கீழே இறங்கினால் அவசரம். தள்ளாட்டம், நடுக்கம், வெறித்த பார்வை, திடீர்ப் பசி, ஒளிந்துகொள்வது, வலிப்பு ஆகியவை அடையாளங்கள். அறிகுறி இருந்தால் கருவியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், முதலில் சர்க்கரையைக் கொடுங்கள்.

விழித்திருந்து விழுங்க முடிந்தால் வழக்கமான உணவை வையுங்கள், அதன்மேல் தேனோ சர்க்கரைப் பாகோ ஊற்றுங்கள். சோர்ந்து கிடந்தால் தேனை விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். வலிப்பில் இருக்கும் பூனையின் வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். உங்கள் விரலையும் கடித்துவிடும். தேறியதுபோல் தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கூப்பிடுங்கள். தேனின் வேகம் சீக்கிரம் தணிந்துவிடும், உடம்பிலுள்ள இன்சுலின் இன்னும் சில மணி நேரம் வேலை செய்யும். மருத்துவரிடம் பேசும்வரை அடுத்த ஊசி வேண்டாம்.

எதிர்ப்பக்க அவசரமும் உண்டு. சாப்பாட்டைத் தொடவில்லை, வாந்தி எடுக்கிறது, துவண்டு கிடக்கிறது, மூச்சில் நகப்பூச்சு நீக்கும் திரவத்தின் வாடை வருகிறது என்றால் கீட்டோன் ஏறியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனை.

11. எப்போது எதை எதிர்பார்க்கலாம்?

முதல் வாரத்தில் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடுகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். பிறகு ஒவ்வொரு அளவு மாற்றத்துக்கும் 7 முதல் 14 நாள் கழித்து மறுபரிசோதனை. நிலைக்கு வர ஒரு மாதமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வாரம் ஒருமுறை வீட்டில் எடை பாருங்கள். தண்ணீர் குறைந்து எடை நின்றுவிட்டது என்றால் சரியான வழியில் போகிறீர்கள்.

அளவு ஏறிக்கொண்டே போயும் சர்க்கரை அசையவில்லை என்றால், முதலில் குப்பியின் வயதையும் ஊசி போடும் விதத்தையும் பாருங்கள். அது சரியென்றால் பல், சிறுநீர்த் தொற்று, கணைய அழற்சி, வளர்ச்சி ஹார்மோன் மிகைச் சுரப்பு ஆகியவற்றைத் தேடச் சொல்லிக் கேளுங்கள்.

12. வெளியூர் போக வேண்டி வந்தால்

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, பார்த்துக்கொள்ளப்போகிறவரை உங்கள் கண் முன்னால் சில தடவை ஊசி போடச் சொல்லுங்கள். கோப்பையும், தேனையும், அவசரச் சிகிச்சைக்கு நீங்கள் சம்மதிக்கும் தொகை எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தையும் கொடுத்துவிட்டுப் போங்கள். பூனையையும் கூட்டிப்போவதாக இருந்தால், சிரிஞ்ச் எதற்கு என்று மருத்துவர் எழுதிய கடிதம் பையில் இருக்கட்டும். இன்சுலினைப் பனிக்கட்டி நேரடியாகத் தொடாதபடி சுற்றி வையுங்கள்.

13. ஊசி தேவைப்படாமல் போனால்

சில பூனைகளுக்கு இது நடக்கும். நோய் தெரிந்தவுடனே சிகிச்சை தொடங்கி, உணவையும் மாற்றி, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் வாய்ப்பு கூடும். எண்கள் இறங்கிக்கொண்டே வரும், மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார், ஒரு கட்டத்தில் நிறுத்துவார். குறைந்தது நான்கு வாரம் ஊசி இல்லாமல் இயல்பாக இருந்தால்தான் நோய் தணிந்தது என்று வைத்துக்கொள்வார்கள்.

நோய் திரும்பி வரலாம் என்பதால் உணவைப் பழையபடி மாற்ற வேண்டாம். எடை ஏற விடாதீர்கள். வேறெந்த மருத்துவர் ஸ்டீராய்டு எழுத நேர்ந்தாலும் சர்க்கரை நோய் இருந்ததைச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை சர்க்கரையை அளந்து அதே குறிப்பேட்டில் எழுதுங்கள். தண்ணீர்க் கிண்ணம் மறுபடி சீக்கிரம் காலியாகத் தொடங்கினால் அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் அன்றே கூப்பிடுங்கள்.